ஒத்திகை ராணி

மார்ச் 4

அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் எங்கள் போட்டிப் பெண்ணுக்கு அனுப்பும் செருப்புப் பெட்டிக்குள் வருகிறது. போன் செய்தால் நீ பேசமாட்டாய் என்பது தெரிந்ததுதானே. "இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது" என்று என்னை வாசலுக்கு வெளியே தள்ளிய நாளிலிருந்து நமக்குள் காகிதம்தான். அதுவும் யாராவது செத்தால். இப்போது யாரும் சாகவில்லை. யாரும் சாகக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

நீ பிழைக்கப் போன நாட்டில் நடக்கும் சர்வதேச அழகிப் போட்டிக்கு மேடைப் பொறுப்பு உன்னுடையது என்று அமைப்பாளர்கள் அனுப்பிய தாளில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பதினெட்டு வயதில் ஒரு அழகிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன் என்பதற்காக என் முன்பல்லைப் பெயர்த்தவன் நீ. இன்று அத்தனை நாட்டுப் பெண்களும் இறங்கிவர நீயே படிக்கட்டு கட்டிக்கொண்டிருக்கிறாய். பிழைப்பு என்று வந்துவிட்டால் மானம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும் போல. நானும் லேசுப்பட்டவள் இல்லை. நம் நாட்டிலிருந்து போகும் பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு இப்போது நான்தான் தலைவி. பல் போனவள் பல்லழகிக்கு மார்க் போடுகிறாள் என்று இங்கே எல்லோருக்கும் கேலி.

இந்த வருஷம் அனுப்பும் பெண்ணைக் கொக்கு என்று கூப்பிடுவோம். மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். மேல்தட்டு மருந்தை ஏணி இல்லாமல் எடுத்துக் கொடுப்பாள், அவ்வளவு உயரம். நடை சுமார்தான். ஆனால் கேள்விக்கு அவள் பதில் சொல்ல ஆரம்பித்தால், தூங்கிக்கொண்டிருந்த நடுவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். எல்லோருக்கும் ஒருவன் இருந்து தொலைக்கிறான். தேர்வின் கடைசி நாள், அவள் தோளில் நாட்டின் பெயர் எழுதிய பட்டையை நான் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் மேடையேறி, அவள் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு தரதரவென்று இழுத்தான். தடுக்கப் போன நடுவரை மைக் கம்பியால் அடித்ததில் அவருக்குத் தோள் எலும்பு இரண்டாகப் போயிற்று. எனக்கு முன்கையில் தையல். "அந்தப் பட்டையோட நீ எந்த மேடையில நின்னாலும் அங்கயே உன்ன அறுப்பேன்" என்று கத்திக்கொண்டேதான் போலீஸ் வண்டியில் ஏறினான். "குடும்ப விஷயம்மா, நாளைக்கே அண்ணன் தங்கச்சி ஒண்ணாயிடுவாங்க" என்று சொல்லி நாலைந்து நாளில் விட்டுவிட்டார்கள். விட்ட அன்றே ஆள் காணாமல் போய்விட்டான்.

கொக்கோடு துணைக்கு எங்கள் குழுவிலிருந்து ஒரு அம்மாள் வருகிறாள். ஹோட்டலில் அவள் பார்த்துக்கொள்வாள். மேடையில் நிற்கும் நேரத்துக்கு நீதான். எனக்காக வேண்டாம். என் பல்லை எடுத்த கைக்கு ஒரு நல்ல வேலை கொடுத்ததாக இருக்கட்டும். வாண்டுவைக் கேட்டதாகச் சொல். அத்தை முகம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

உன் தங்கை

மார்ச் 15

பொக்கைக்கு,

பெட்டி வந்தது. செருப்பு அளவு தப்பு. உன் கொக்குக்கு இருப்பது காலா, துடுப்பா? திருப்பி அனுப்புகிறேன், பெரிதாகப் பார்த்து வாங்கு. உன் புலம்பலையும் படித்தேன். ஒரு பல் போனதை இன்னும் எத்தனை வருஷம் அசை போடுவாய்? மாடுகூட விட்டுவிடும்.

அங்கே உட்கார்ந்துகொண்டு நீ இதை அழகிப் போட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோழிச் சண்டை தோற்றது போ. போன வாரம் ஒருத்தி இன்னொருத்தியின் குதி உயர்ந்த செருப்பில் குதியைப் பாதி அறுத்து வைத்துவிட்டாள். ரம்பம் என் பெட்டியிலிருந்து போனதுதான். போட்டுக்கொண்டவள் படியில் உருண்டு என் காலடியில் வந்து விழுந்தாள், முழங்கை எலும்பு தோலுக்கு வெளியே. அறுத்தவளும் மற்றவர்களோடு சுற்றி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நடிப்புக்கே கிரீடம் கொடுக்கலாம். எதிர்த்துப் பேசிய மின்சாரக்காரன் ஒருவனுக்கு டார்ச்சால் மூக்கில் ஒன்று வைத்தேன். அதிலிருந்து மொத்தக் கூட்டமும் வாலைச் சுருட்டிக்கொண்டு வேலை பார்க்கிறது. கை பேசினால் வாய் பேச வேண்டியதில்லை என்று அப்பா சும்மாவா சொன்னார்?

என் கூடத்துக்குள் என்னைக் கேட்காமல் ஈ நுழையாது. கவலைப்படாதே.

வாண்டு வளர்ந்துவிட்டாள். பத்தொன்பது ஆகிறது. இங்கேயே உடுப்புப் பிரிவில் இஸ்திரி போடுகிறாள். வாய் அப்படியே உன் வாய். அவள் அம்மா கோபித்துக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். இப்போது மேடையேற வேண்டுமாம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. கிரீடம் வைக்கும் ஒத்திகையில் போட்டிப் பெண்கள் யாரையும் ஏற்றமாட்டோம். யார் தலையில் வைத்துப் பார்த்தாலும், "அவளுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டாங்க" என்று மற்றவர்கள் மயிரைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அவர்களைக் கீழே இருட்டில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, உடுப்புப் பிரிவுப் பெண்களுக்குப் பட்டையை மாட்டி மேலே நிறுத்துவோம். அன்றைக்கு எந்த நாட்டுக்குக் கிரீடம் என்று நான் கை காட்டுவேன். "ஒரே ஒரு நாள்ப்பா, நான் நிக்கிறேன்ப்பா" என்று பிராணனை வாங்குகிறாள். முதலில் முறைத்தேன். பிறகு, ஒத்திகைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு சமாசாரம். கம்பளம் விரிக்க ஆள் போதவில்லை. துறைமுகத்துப் பக்கம் கூலி வேலை தேடி நின்ற கும்பலில் ஒருவன், "அண்ணே, ஏதாவது வேலை இருந்தா குடுங்கண்ணே" என்றான். நம் பேச்சு! எத்தனை வருஷம் கழித்து ஒருவன் வாயால் "அண்ணே" கேட்கிறேன். அனுமதிச் சீட்டு கினுமதிச் சீட்டு எதுவும் கேட்கவில்லை, அங்கேயே சேர்த்துக்கொண்டேன். இடது காதில் கீழ்ப்பாதி கிடையாது. சின்ன வயதில் நாய் கடித்ததாம். அரைக்காது என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். அவனுக்கும் ஒரு தங்கை இருக்கிறாளாம். "சொன்ன பேச்சு கேக்காம போயிட்டாண்ணே, வெளிய தலைகாட்ட முடியல" என்று டீ குடிக்கும்போது சொன்னான். எனக்கு உன் ஞாபகம் வந்தது. "ஒரு தடவ சரியா வையி தம்பி, காலத்துக்கும் மறக்காது. நான் வெச்சேன். என் தங்கச்சி இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறந்து சிரிக்கிறதில்ல" என்றேன். சிரிப்பான் என்று பார்த்தால், தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கம்பளக் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டான். நல்ல வேலைக்காரன்.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

அரைக்காதுதான் அவன். கொக்கின் அண்ணன் அவன்தான்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். நாய் கடித்த காது என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தை மடிக்காமலே கிளம்பிவிட்டேன். அவனுடைய அம்மாவை ஓடிப்போய்ப் பிடித்தேன். கப்பலில் சமையலறை வேலைக்கு ஏறிப் போயிருக்கிறான். "தங்கச்சிய கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தாம்மா போனான்" என்கிறாள். எப்படிக் கூட்டிவருவாய் என்று அவளும் கேட்கவில்லை.

உன் கூடத்துக்குப் போன் செய்தேன். நீதான் எடுத்தாய். "அண்ணா" என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாய். திரும்பத் திரும்ப அடித்தேன். கொஞ்ச நேரத்தில் மணியே அடிக்கவில்லை. கழற்றிப் போட்டுவிட்டாய். அமைப்பாளர்களைக் கூப்பிட்டால், "மேடை ஆளுங்க விஷயம்னா மேடைப் பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க" என்கிறார்கள். அந்த ஊர் போலீசுக்கும் அடித்தேன். என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. காது பாதிதான் இருக்கும் என்று சொன்னதும் அங்கே யாரோ சிரித்தார்கள். சுற்றிச் சுற்றி எல்லாம் உன் காதில்தான் வந்து நிற்கிறது. அது எனக்கு அடைத்துக் கிடக்கிறது.

துணைக்கு வந்த அம்மாளிடம் சொல்லிக் கொக்குக்குப் பக்கத்திலேயே காவலுக்கு இரண்டு பேரைப் போட வைத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தாலும் கூட உட்காருவார்கள். அவளை இனி நெருங்க முடியாது. ஆனால் அவன் உன் கூடத்தில் கையில் கத்தியோடு திரிகிறான். வேலையை விட்டுத் துரத்து. அடித்துத் துரத்து. உனக்குக் கைவந்த கலைதானே. இந்த ஒரு தடவை நானே சொல்கிறேன், அடி. இதை அவசரத் தபாலில் போடுகிறேன்.

அவனுக்கு நீ சொல்லிக்கொடுத்த புத்தியையும் படித்தேன். ஏதோ கோபத்தில் அடித்துவிட்டான், உள்ளுக்குள் வருந்திக்கொண்டுதான் இருப்பான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீ அதை டீ குடிக்கும்போது கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்தப் பல் போனபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

உன் தங்கை

ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

உன் அவசரத் தபால் என் கைக்கு வந்தபோது நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாளே எல்லாம் நடந்துவிட்டது. வாண்டு உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னது சரி. நான்தான் போனை வைத்தேன். மறுபடி மறுபடி அடித்ததும் ரிசீவரைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு ஆணி அடிக்கப் போனேன். துணைக்கு வந்த அம்மாள் கூடத்து வாசல்வரைக்கும் வந்தாள். "உங்க தங்கச்சி ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க" என்றாள். தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதுமே கதவைச் சாத்தினேன்.

கிரீடம் வைக்கும் ஒத்திகை. போட்டிப் பெண்கள் எல்லோரும் கீழே இருட்டில். வாண்டுவைப் படியின் உச்சியில் நிறுத்தி, நம் நாட்டின் பட்டையை நானே அவள் தோளில் போட்டேன். உயரத்துக்குக் குதிச் செருப்பு, தலையில் கொண்டை. "லைட்ட என் பொண்ணு மேல போடுடா" என்று கத்தினேன். கூடம் முழுக்க இருட்டு, அவள் மேல் மட்டும் வெளிச்சம். சிரித்துக்கொண்டே இறங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னை எதற்காக அடித்தேனோ அதையே என் மகள் செய்வதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அரைக்காது புதியவன். மேடையில் நிற்பது போட்டிப் பெண்கள் இல்லை, இஸ்திரி போடுகிற பெண்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்குப் பழகிப்போனதால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. கொக்கின் பக்கத்தில் காவல் நின்றதால் அத்தனை நாளும் அவனால் நெருங்க முடியவில்லை. அன்றைக்கோ பட்டை என் படிக்கட்டில் தனியாக இறங்கிவருகிறது. படிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கம்பளச் சுருள்களுக்குப் பின்னாலிருந்து ஏறினான். முதுகுதான் அவனுக்குத் தெரிந்தது. பட்டையைப் பிடித்து இழுத்து, நான் கொடுத்த கத்தியால் கழுத்தோரத்தில் ஆரம்பித்துத் தோள் வழியாக முழங்கைவரை அறுத்தான். அவள் திரும்பினாள். அடுத்தது கன்னத்தில். அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். கத்தியைப் பிடித்தபடி என்னைத் தேடி, "அண்ணே, இது அவ இல்லையே" என்றான். தப்பான மூட்டையை இறக்கிவிட்ட கூலிக்காரன் கேட்பதுபோலக் கேட்டான்.

நான் எப்படிப் படியேறினேன் என்பது ஞாபகமில்லை. மரச் சுத்தியல் கையில் இருந்தது. முதல் அடியில் கத்தி பிடித்த கை போயிற்று. எலும்பு முறிந்த சத்தம் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டதாம். அவன் மல்லாக்க விழுந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். முகத்தில் அடித்தேன். தாடையில், பல்லில், மறுபடி தாடையில். "அண்ணே, நீங்கதானேண்ணே சொன்னீங்க" என்றான், வாயெல்லாம் ரத்தமாக. அதற்கப்புறம் விழுந்த அடியெல்லாம் அந்த வாயை மூடுவதற்காக விழுந்ததுதான்.

என் மகள் இரண்டு படி கீழே கிடந்தாள். "அப்பா, அவன விடுப்பா, எனக்கு ரத்தம் நிக்கலப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். எனக்குக் கேட்கவில்லை தங்கச்சி. உன் குரலைக் கேட்காமல் பழகிய காது அவள் குரலையும் கேட்கவில்லை. ஓடி வந்தது உன் கொக்குதான். காவலுக்கு இருந்தவர்களையும் நாற்காலிகளையும் தள்ளிவிட்டு ஏறி வந்து, அந்தப் பட்டையையே உருவிச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்து, அதன்மேல் முழங்காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். மேலே அடிபட்டுக் கிடப்பது தன் அண்ணன் என்று தெரிந்தும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. காலா, துடுப்பா என்று அவளைப் பற்றித்தான் நான் உனக்குக் கேலி எழுதியிருந்தேன்.

அவன் வேறொரு வார்டில் கண் திறக்காமல் கிடக்கிறான்; ஊரை விட்டுப் போகாதே என்று மட்டும் சொல்லிப் போலீஸ் என்னை விட்டிருக்கிறது. கண் திறந்ததும் வாண்டு நர்ஸிடம், "எங்கப்பாவ உள்ள விடாதீங்க" என்றாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். பிறகு அத்தை எங்கே என்று கேட்டிருக்கிறாள். நீ வா. எப்படியாவது வா.

அண்ணன்

மே 10

அண்ணனுக்கு,

நான் வந்ததை நீ பார்த்தாய். தாழ்வாரத்தில் எழுந்து நின்றாய். நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் நானும் கையை ஓங்கியிருப்பேன். அப்பா ரத்தம் எனக்கும்தானே ஓடுகிறது.

வாண்டு என்னோடு இருக்கிறாள். வலது கை தோளுக்கு மேல் ஏறாது. இடது கையால் இஸ்திரி போடக் கற்றுக்கொள்கிறாள், சட்டைகளைப் பொசுக்கிவிட்டு என்னையே திட்டுகிறாள். கன்னத்தில் தையல் போட்ட இடம் சிரித்தால் இழுக்கிறதாம். வாயை மூடிக்கொண்டு சிரிப்பவர்கள் இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர். யாராவது படியேறி வந்தால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் வந்தால்கூட.

போட்டியை ஒருநாள்கூடத் தள்ளிவைக்கவில்லை. கம்பளத்தை மட்டும் மாற்றினார்கள். கொக்கின் பட்டையை டாக்டர்கள் கத்தரித்து எறிந்துவிட்டதால், பட்டை இல்லாதவளுக்கு மார்க் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வெறும் தோளோடு இறங்கினாள். கீழே குனிந்து பார்க்காமல் நடக்கத்தான் அவளை மாதக்கணக்கில் பழக்கியிருந்தேன். நட்ட நடுவில் குனிந்து பார்த்து, ஒரு படியை மட்டும் மிதிக்காமல் தாண்டி வந்தாள். டிவியில் அது தடுமாற்றம் என்றார்கள். எனக்குத் தெரியும் அது எந்தப் படி என்று.

உன் கையால் அடிபட்டவன் போன வாரம் கண் திறக்காமலே செத்துப்போனான். உன்னைக் கைது செய்துவிட்டார்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். கொக்கு ஊர் திரும்பியபோது, "எம் புள்ளைய கொன்னுட்டு வந்து நிக்கிறியா" என்று அவள் அம்மா கதவை அடைத்துவிட்டாள். கொக்கும் இப்போது இங்கேதான் இருக்கிறாள். வாண்டுவின் காயத்துக்குக் கட்டு மாற்றுவது அவள்தான். அண்ணனுக்காக அழுகிறாயா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அழுகை வருதுக்கா. எதுக்குன்னுதான் தெரியல" என்றாள்.

கத்தியை வீசியது அவன் கை. சாணை பிடித்துக் கொடுத்தது உன் வாய். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. இதற்குப் பதில் எழுதாதே.

உன் தங்கை

நவம்பர் 20

தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. நான் வெளியே வரும்போது வாண்டுவுக்கு நடு வயது ஆகியிருக்கும். முதல் அடிக்கு யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எந்த அப்பனும் அடிப்பான் என்று நீதிபதியே சொன்னார். அதற்கப்புறம் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். அவன் கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததையும், உன் பல்லையும் சேர்த்தே சொன்னேன். என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மொழிபெயர்த்துச் சொன்ன பெண் என் பக்கம் திரும்பி, பல்லா என்று மறுபடி கேட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

இங்கே மரவேலைக் கூடம் இருக்கிறது. ஆனால் என் கையில் சுத்தியல் கொடுக்கமாட்டார்களாம். சலவைக் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். இஸ்திரி போடுகிறேன். சட்டையின் கழுத்துப்பட்டியை எந்தப் பக்கத்திலிருந்து தேய்க்க வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை. வாண்டுவைக் கேட்டால் தெரியும்.

கைதிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போன் உண்டு. ஒரே ஒரு எண்தான் எழுதிக் கொடுக்கலாம். உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அடிக்கும்போது எடு. வாண்டு பேச வேண்டாம். நீயும் பேச வேண்டாம். எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு நீங்கள் மூன்று பேரும் உங்கள் பாட்டுக்குச் சட்டை பொசுக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது கேட்கிறது தங்கச்சி.

என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாயானால் அதுவும் நியாயம்தான். அடுத்த ஞாயிறு மறுபடி அடிப்பேன். ரிசீவரை மட்டும் கழற்றிப் போட்டுவிடாதே.

அண்ணன்